உன் நீலமும் என் இடது கண்ணும்

அன்புள்ள மகனுக்கு,

எனக்குப் பார்வை போய்விட்டது என்று புரட்டாசிச் சனிக்கிழமை கல்லங்குறிச்சிக் கோயில் வரிசையில் நின்றுகொண்டு உன் அத்தை ஊருக்கே சொல்லியிருக்கிறாள். அது தவறு. இடது கண்ணில் புரை இருந்தது. ஐப்பசியில் திருச்சிக்குப் போய் அறுவை செய்துகொண்டேன், உள்ளே ஒரு வில்லை வைத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது எதிர்க்கடையில் தொங்கும் தினசரியின் தலைப்பை என் நாற்காலியில் இருந்தபடியே படிக்கிறேன். இன்னொரு பேச்சும் உலவுகிறது, மருமகளோடு ஒத்துப்போகாததால்தான் நான் சென்னைக்கு வர மறுக்கிறேன் என்று. அதுவும் தவறு. நித்யாவின் மேல் எனக்கு ஒரு குறைதான். காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போடுவாள். அதை அவளிடம் நேரிலேயே சொன்னேன், அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் வாழ்வதற்கு அந்த அளவு புரிதல் போதும். நான் வர மறுப்பதன் காரணம் வேறு. தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். நீ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றாய். சரிம்மா என்பவனிடம் வாதாட முடியாது, அதனால் எழுதுகிறேன். இதை உன் அத்தையும் படிக்கலாம், வேறு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ செய்திருக்கும் முடிவை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். தை பிறந்ததும் பெரம்பலூரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரை மூட வேண்டும். இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். நான் சென்னையில் உன்னோடு வந்து இருக்க வேண்டும். கடையின் ஒப்பந்தம் உன் பெயரில் இருப்பதால் இடத்துக்காரர் இராமலிங்கத்திடம் நீ நேரடியாகவே பேசிவிட்டாய். மறுநாள் காலை அவர் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "தம்பி போன் பண்ணுச்சுங்க மேடம். தையில காலி பண்ணிடுறோம்னுச்சு. ஒரு செல்போன் கடைக்காரரு வேற கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். தெரியாது என்று சொல்ல என் கௌரவம் இடம் தரவில்லை. "தெரியும்ங்க. பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு வந்த வருத்தம் சென்டரைப் பற்றியது மட்டும் அல்ல என்பதை நீ புரிந்துகொள்வாய்.

உன்னை இந்த முடிவுக்குத் தள்ளியது எறையூர்க்காரர்களின் விவகாரம். அதைப் பலர் பலவிதமாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள், நடந்ததை நான் சொல்கிறேன். எறையூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் சிலர் ஆண்டுதோறும் இரண்டு வேலை கொண்டுவருவார்கள். ஆலை அதிகாரிக்கு ஒரு கடிதம். யார் வயலில் எப்போது வெட்டு, எந்த ஆட்கள் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்த அட்டவணை ஒன்று. இரண்டுக்கும் நான் "எறையூர்" என்றே பெயர் வைத்தேன். ஒன்று கடிதச் செயலியில் இருக்கும் கோப்பு, மற்றது கணக்குச் செயலியில் இருப்பது, கோப்பின் மேல் நிற்கும் சின்னப் படத்தைப் பார்த்தாலே தெரியுமே என்ற நம்பிக்கை. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி அது வேண்டாம் என்று அழித்தேன். அழித்ததைக் குப்பைத் தொட்டியில் விட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை, உடனே அதையும் காலி செய்தேன். மறுநாள் அவர்களில் ஒருவரான செல்லமுத்து அட்டவணையில் ஒரு மாற்றம் செய்ய வந்தார். கடிதம் பத்திரமாக இருந்தது. அட்டவணைதான் போயிருந்தது.

செல்லமுத்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் பரிதாபப்பட்டார். "வுடுங்க டீச்சரம்மா, வூட்ல ஒரு பிரிண்டு கெடக்கு, கொண்டாந்து தரேன், திருப்பி அடிச்சுக்கலாம். ஆனா கண்ணக் கொஞ்சம் காட்டிருங்க. எங்க பெரியம்மாவும் இப்புடித்தான், உப்புன்னு சக்கரயப் போட ஆரம்பிச்சுச்சு" என்றார். அட்டவணையை அன்றைக்கே திரும்ப அடித்துக் கொடுத்தேன். யாருடைய கரும்பும் காயவில்லை. ஆனால் அந்தப் பெரியம்மாவின் உப்பு எனக்கு முன்னால் அரியலூருக்குப் பஸ் ஏறி உன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து உனக்கு வந்தது. அன்று மாலையே நீ பேசினாய். "போதும்மா. கண்ணு தெரியாம தனியா என்ன பண்ணப் போற? வந்துடு."

கண் தெரியவில்லை என்பதைத்தான் நான் ஆராய வேண்டியிருந்தது. நீ ஆராயாமல் எடுத்துக்கொண்டாய்.

நீ பகலெல்லாம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாய். மிச்ச நேரத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்யும் அலுவலக மென்பொருளுக்கு ஐகான் என்ற அந்தச் சின்னப் படங்களை வரைகிறாய். இதை உன் அத்தைக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "காசு வாங்காம யாருக்கு அண்ணி வரையிறான்?" என்றாள். உபயோகிக்கிற எல்லாருக்கும் என்றேன். "மாரியாத்தா கோயில்ல கோலம் போடுற மாதிரியா?" என்றாள். "ஆமா. ஆனா இந்தக் கோலம் கடுகளவுதான் இருக்கும்" என்றேன். "கடுகளவு கோலத்த யாரு பாப்பா?" என்று கேட்டாள். யாரும் பார்ப்பதில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஆடியில் நீ வந்தபோது உன் புதிய படங்களை எங்கள் கம்ப்யூட்டர்களில் போட்டுக் காட்டினாய். செயலிக்கு ஒரு படம், அந்தச் செயலியில் செய்து சேமித்த கோப்புக்கு இன்னொரு படம். இரண்டையும் பார்த்ததும் ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும், ஆனால் எது தாய், எது பிள்ளை என்பதில் குழப்பம் வரக்கூடாது என்று விளக்கினாய். கோப்புகள் எல்லாம் மூலை மடிந்த தாள்கள். கடிதத்துக்கு நீல வரிகள், கணக்குக்குப் பச்சைக் கட்டங்கள். நீ அவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் பார்த்து நாளாகிவிட்டது. என்னிடம் அபிப்பிராயம் கேட்டாய், நான் இரண்டு குறை சொன்னேன்.

"இந்த நீலம் என்னடா, நாலு தடவை துவைச்ச போர்வை மாதிரி இருக்கு."

"அழுக்காத் தெரியுதாம்மா?"

"அழுக்கில்ல. உயிரில்ல."

உடனே குறித்துக்கொண்டாய். "அப்புறம், இதுவும் அதுவும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றேன், கடிதத் தாளையும் கணக்குத் தாளையும் காட்டி. "சின்னதா வரிசையா நிக்கிறப்ப."

"இதுல வரிம்மா, அதுல கட்டம். நல்லாப் பாரு."

"நல்லாத்தான்டா பாக்குறேன்."

நீ என் தோளைத் தட்டிக் கொடுத்தாய். தோளைத் தட்டுவது ஒரு கேள்விக்குப் பதில் ஆகாது. அடுத்த மாதம் நீ அனுப்பிய குறுந்தகட்டில் நீலம் பளீரென்று மாறியிருந்தது. தாள்கள் இரண்டும் அப்படியே இருந்தன.

திருச்சியில் கட்டை அவிழ்த்ததும் டாக்டர் சொன்னார்: "புரை வந்தா நீலம்தாங்க மொதல்ல மங்கும். பழுப்புக் கண்ணாடி வழியா பாக்குற மாதிரி. நிறைய பேரு வீட்டுக்குப் போயி, யாரு செவுத்துக்குப் புதுசா வெள்ளையடிச்சதுன்னு சண்டை போடுவாங்க." நான் சண்டை போடவில்லை. கட்டிலுக்கு எதிரே தொங்கிய என் பழைய புடவை பாசிப்பச்சை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன், அது மயில் நீலம் என்று தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன். சென்டருக்குப் போகலாம் என்று அனுமதி வந்த அன்று முதல் வேலையாக உன் பழைய படங்களையும் புதிய படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இடது கண்ணை மூடி ஒரு முறை, வலது கண்ணை மூடி ஒரு முறை. வலது கண்ணுக்கு, அதில் இன்னும் புரை இருக்கிறது, உன் முதல் நீலம் துவைத்த போர்வைதான். இடது கண்ணுக்கு அது கான்வென்டில் நாங்கள் கட்டிய பாவாடையின் நீலம். அடக்கமான, அழுத்தமான, நல்ல நீலம். எனக்காக நீ மாற்றிய நீலமோ திருவிழா சீரியல் விளக்கு மாதிரி கத்துகிறது. அதனால் என் முதல் குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன் பழைய நீலத்தையே வைத்துக்கொள். தவறான கண்ணால் சரியான நிறத்தைக் குறை சொன்னேன்.

ஒரு குறை கண்ணால் வந்தது என்றால் மற்றதும் கண்ணால் வந்ததாக இருக்கலாமே. நேர்மையாக அதையும் பார்க்க வேண்டியிருந்தது. இடது கண்ணால் பார்த்தேன். பெரிதாகக் காட்டும்போது வரியும் கட்டமும் தெளிவாக இருந்தன. கோப்புகள் வரிசையாக நிற்கும் அந்தக் கடுகளவில் இரண்டும் சாம்பல் பூசிய ஒரே தாளாக இருந்தன. இருந்தாலும் என் ஒரு கண்ணை மட்டும் நம்பி உன்னோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. கோப்புகள் சிலவற்றுக்கு ஒன்றுபோலப் பெயர் வைத்து ஒரு கோப்புறையில் போட்டேன். காலை வகுப்புப் பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கணக்கு எது என்று காட்டச் சொன்னேன். லப்பைக்குடிகாட்டிலிருந்து வரும் நஸீமாவை உனக்குத் தெரியாது. டைப்பிங் லோயரும் ஹையரும் முடித்தவள், என் வகுப்பில் விரல் வேகம் அவளுக்குத்தான்.

"மேடம், இது பரீட்சையா?"

"பரீட்சைதான். உனக்கில்ல, படத்துக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். எலியை அங்கும் இங்கும் நகர்த்தினாள். "பேரையெல்லாம் ஒண்ணு போல வச்சுட்டீங்களே மேடம். நான் படத்தப் பாக்குறதே இல்ல. கணக்குன்னா பேருக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டுருவேன்."

"ஏன் பாக்குறதில்ல?"

"ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதுல்ல? எனக்குத்தான் கண்ணாடி போடணும் போலருக்குன்னு வாப்பாட்ட போன்ல சொன்னேன். துபாய்லேர்ந்து நல்ல பிரேமா அனுப்புறேன்னாங்க."

"பிரேம் வரட்டும், கண்ணாடி போடாத. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "நான் கணக்கையெல்லாம் தனி ஃபோல்டர்ல போட்டுருவேன் மேடம்" என்றாள். இன்னொருத்தி எந்தக் கோப்பையும் நேரே திறப்பதே இல்லை. முதலில் செயலியைத் திறந்து, அதன் வழியாகவே உள்ளே போகிறாள். ஒவ்வொருத்தியும் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறாள். ஒருத்தியும் படத்தைக் குறை சொல்லவில்லை. குறை தன்னிடம் இருப்பதாகவே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். உன் அத்தை கேட்டாளே, கடுகளவு கோலத்தை யார் பார்ப்பார்கள் என்று. இங்கே ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்து ஏமாந்தவள் நான் ஒருத்திதான்.

எல்லாவற்றையும் சொன்னால்தான் அது சரியான மதிப்பெண். கூட்டத்தில் காட்டும் படங்களுக்கான கோப்பை, அந்த ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை, எல்லாரும் கண் இமைக்காமல் காட்டினார்கள். வரைபடக் கோப்பையும் அப்படியே. அவற்றை வரைந்த கை என் மகனுடையது என்று அந்தப் பெண்களிடம் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். தேறாதவை அந்த இரண்டு தாள்கள்தான். அவை ஏன் தேறவில்லை என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். வரையத் தொடங்கிய புதிதில், "பெருச சின்னதாக்குறது இல்லம்மா இந்த வேலை, ஒவ்வொரு அளவுக்கும் புதுசா வரையணும்" என்று சாப்பிடும்போதெல்லாம் பேசினாய். இந்த இரண்டையும் நீ அப்படி வரையவில்லை. பெரிய தாளைச் சுருக்கி வைத்துவிட்டாய். மார்கழிக்குள் எல்லாப் படங்களையும் முடித்து அனுப்ப வேண்டும் என்ற அவசரம். பெரிய தாளில் பத்து வரி அழகு. கடுகில் பத்து வரி வெறும் அழுக்கு.

எனக்கு வரையத் தெரியாது. கடிதம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும், வாழ்நாளில் பாதியை அதைப் பார்த்தே கழித்திருக்கிறேன். கடிதத்தின் இடது ஓரம் நேராக இருக்கும், வலது ஓரம் பல் பல்லாக இருக்கும். பத்தியின் கடைசி வரி பாதியில் நிற்கும். கணக்குத் தாளில் எந்த ஓரமும் பாதியில் நிற்காது, கட்டங்கள் தாளின் விளிம்பு வரை போகும். உன் கடிதத்தில் எல்லா வரியும் ஒரே நீளம், அதனால்தான் அது கட்டம் போல நிற்கிறது. வரிகளைக் குறைத்துக் கடைசி வரியைக் குட்டையாக்கிப் பார். கணக்கில் கட்டங்களைக் குறைத்துப் பெரிதாக்கி, மேல் வரிசையைப் பச்சையால் நிரப்பிப் பார். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். வரைந்து அனுப்பு, அதே பெண்களை உட்காரவைத்துப் பார்த்து உள்ளதை எழுதுகிறேன். ஆளைப் பார்த்து முடிவு செய்யாதே, குறையைப் பார்த்து முடிவு செய். நான் சொன்ன இரண்டில் ஒன்றை, அம்மா மனம் கோணக்கூடாது என்று ஏற்றுக்கொண்டாய். மற்றதை, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று தள்ளினாய். இரண்டிலும் நீ பார்த்தது என்னைத்தான், படத்தை அல்ல. வேலையிலும் இதைச் செய்யாதே, நித்யாவிடமும் செய்யாதே. அவள் ஒன்று சொன்னால், களைத்திருக்கிறாள், கோபத்தில் இருக்கிறாள் என்று ஆராய்வதற்கு முன்னால் சொன்னது உண்மையா என்று பார். உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்த குணம் அது. நான் கத்திக்கொண்டு சொன்னாலும், "சொன்னது சரிதான், கத்தினதப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்பார். பெரும்பாலும் அப்புறம் பேச மறந்துவிடுவார்.

அவர் தொண்ணூற்றாறில் போனபோது நாம் அரியலூரில், சிமென்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். காரியம் முடிந்த கையோடு ஜெயங்கொண்டத்திலிருந்து என் தம்பி வேனோடு வந்துவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அக்கா தனியாக என்ன செய்வாள் என்ற அக்கறை. என்னைக் கேட்டால் அழுவேன் என்று நினைத்து, கேட்காமலே பீரோவைத் தூக்கச் சொன்னான். நீ பத்தாம் வகுப்பில் இருந்தாய், மீசைகூட அரும்பவில்லை. வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டு, "எங்கம்மாவக் கேக்காம சாமானத் தூக்காதீங்க மாமா" என்றாய். என் தம்பி திகைத்துப்போய், "சரி, கேளுடா" என்றான். நீ உள்ளே வந்து என்னைக் கேட்டாய். பெரம்பலூருக்குப் போய் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னது அப்போதுதான். நீ கேட்டதால்தான் எனக்கே அது தெரிந்தது. இந்த முறை நீ இடத்துக்காரரிடம் பேசினாய், அத்தையிடம் பேசினாய். என்னைக் கேட்கவில்லை.

நான் இளமையாக இருக்கிறேன் என்று சாதிக்கவில்லை. வலது கண்ணுக்கும் அறுவை வேண்டும், அடுத்த கோடையில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சென்னையிலேயே செய்துகொள்கிறேன். ஆறும் வரை உங்களோடு இருந்து, நித்யாவின் பாயசக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புகிறேன். மாடிப்படி ஏறும்போது முழங்கால் பேசுகிறது. பெயர்கள் சில சமயம் நாக்கு நுனியில் நின்றுவிடுகின்றன. ஒரு நாள் உண்மையாகவே முடியாமல் போகும். அந்த நாளை நான் மறைக்க மாட்டேன், உனக்கு முதலில் எழுதுவேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான். சரியாக வரையாத இரண்டு தாள்களை வைத்து அந்த நாள் வந்துவிட்டது என்று நீ சொல்லக்கூடாது. இந்தச் சென்டரில் காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு. நடுவில் கடிதம் அடிக்க வருபவர்கள். எறையூர்க்காரர்கள் அடுத்த வருடமும் வருகிறோம் என்றிருக்கிறார்கள். அவர்களுக்கே என் மேல் நம்பிக்கை இருக்கிறது.

இராமலிங்கத்திடம் போன வாரம் நானே போய்ப் பேசினேன். எனக்குத் தெரியாமல்தான் நடந்தது என்று இந்த முறை ஒப்புக்கொண்டேன், அது எளிதாக இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க இருக்கிறதுல எனக்குச் சந்தோசம்தாங்க மேடம். ஆனா தம்பி பேர்ல இருக்கு, தம்பிதான் காலி பண்றோம்னு சொல்லுச்சு. தொடர்றோம்னு தம்பி ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாப் போதும், செல்போன்காரருக்கு வேற எடம் பாக்கச் சொல்லிடுறேன்" என்றார். மார்கழி பிறக்கும் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அதனால் என்னைக் கேள். கேட்டால் என் பதில் இது: நான் இங்கேயே இருக்க விரும்புகிறேன். அதற்கு நீ சம்மதித்தால் அவருக்கு ஒரு கடிதமும் எனக்கு ஒரு கடிதமும் எழுது. சம்மதிக்கவில்லை என்றால் எனக்கு மட்டும் எழுது, காரணத்தோடு. காரணம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன். எதுவானாலும் தொலைபேசியில் சொல்லாதே. தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா